வறுக்கும் ஊரும் அவிக்கும் ஊரும்: வெயிலைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு மே மாதம் திருச்சியிலிருந்து அத்தையும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கத்திரி வெயிலுக்குத் தப்பி, மலேசியாவில் நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்பது திட்டம். காரில் ஏறியதுமே மாமா கைப்பேசியைத் திறந்து காட்டினார். திருச்சியில் 41 டிகிரி, இங்கே 33. "எட்டு டிகிரி கம்மிடா மாப்ளே. ஊட்டிக்கு வந்த மாதிரிதான்" என்றார்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கெல்லாம் அந்த ஊட்டி கலைந்துவிட்டது. வீட்டு முன்புறம், நிழலில்தான், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. துடைக்கத் துடைக்க வேர்வை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஊரு வெயில் வறுக்கும். உங்க ஊரு அவிக்குதுடா" என்றார்.

சட்டியில் வறுப்பதற்குத் தண்ணீர் வேண்டாம். இட்லியை அவிப்பதற்கு ஆவி வேண்டும். மாமா போகிற போக்கில் சொன்னதில் இரண்டு நாட்டு வானிலையும் அடங்கிவிட்டது. நம் பாட்டிகளுக்கும் இது தெரிந்தே இருந்தது. வெயில் வேறு, அனல் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறோம். புழுக்கம் என்ற சொல்லும் புழுங்கல் அரிசி என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. நெல்லை ஆவியில் வேகவைத்தால் புழுங்கல். மனிதனை வேகவைத்தால் புழுக்கம். கைப்பேசி காட்டும் டிகிரி என்ற ஒற்றை எண்ணுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, அந்த எண் எதை விட்டுவிடுகிறது? துணி காயப்போடும் கொடியிலிருந்து தொடங்கலாம்.

அத்தை வந்த மூன்றாம் நாள் மாமாவின் வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டார். திருச்சியில் காலையில் ஒரு வேலை முடித்துவிட்டு வருவதற்குள் மொடமொடவென்று காய்ந்திருக்கும் வேட்டி, இங்கே மதியம் தொட்டுப் பார்த்தால் இன்னும் சில்லென்று இருந்தது. அப்புறம் நாலு மணிக்கு மழை வந்துவிட்டது. மறுநாள் அதில் ஈரவாடை. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வாடை பிறந்ததிலிருந்தே பழக்கம். அத்தைக்கு அது பெரிய குறை.

துணி காய்வது என்றால் என்ன? அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு கலப்பது. காற்று ஏற்கெனவே நிறையத் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளத் தயங்கும். கூட்டமான பேருந்தில் ஏறுவது மாதிரி. கதவு திறந்திருந்தாலும் உள்ளே இடம் வேண்டுமே.

உங்கள் உடம்பும் கொடியில் கிடக்கும் ஓர் ஈரத்துணிதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிவதைப் போல. வேலை செய்தால் இது நான்கைந்து மடங்காகும். இந்தச் சூட்டை வெளியே தள்ளாவிட்டால் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியில் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். வெயிலில் தோலின் சூடு 35 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். சுற்றியுள்ள காற்று 20 டிகிரியாக இருந்தால் தோலிலிருந்து சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்றே 33 டிகிரியாக இருந்தால் அந்த வழி ஏறக்குறைய அடைத்துக்கொள்கிறது. 41 டிகிரி என்றால் அது தலைகீழாகி, காற்றிலிருந்து உடம்புக்குச் சூடு வரும். மிச்சமிருப்பது வேர்வை என்ற ஒரே வழி.

அந்த வழி சாதாரண வழியல்ல. ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் தோலின்மேல் ஆவியானால் அது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஐஸ் தண்ணீர் ஐந்து லிட்டரைக் கொதிக்க வைப்பதற்குக்கூட அவ்வளவு வெப்பம் தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: வேர்வை ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து வழிந்து தரையில் சொட்டும் வேர்வை எதையும் குளிர்விப்பதில்லை. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். மாமாவின் பனியன் நனைந்ததற்குக் காரணம் அவருக்கு வேர்வை அதிகம் என்பதல்ல. திருச்சியில் அவருக்கு இதைவிட அதிகமாகவே வேர்த்திருக்கும். அங்கே வேர்த்த உடனே காய்ந்துவிடுவதால் அவர் அதைப் பார்த்ததில்லை.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு கல் இருக்கிறது: ஈரப்பத விழுக்காடு. காலை ஆறரை மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தால் எங்கள் ஊரில் 24 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு 33 டிகிரி, 60 விழுக்காடு. அப்படியானால் மதியம் காற்று உலர்ந்துவிட்டதா? விழுக்காடு குறையும்போது எதற்காக இப்படிப் புழுங்குகிறது?

காற்று சூடாகச் சூடாக அதில் இருக்கக்கூடிய நீராவியின் அளவு கூடும். பை பெரிதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுக்காடு சொல்வது பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் காலை நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீர். மதியமும் ஏறத்தாழ அதே 21 கிராம். தண்ணீர் எங்கும் போகவில்லை, பை மட்டும் விரிந்திருக்கிறது. மாமாவின் திருச்சியில் 41 டிகிரி, 20 விழுக்காடு என்று வைத்தால் வருவது பத்துப் பதினொரு கிராம். நம்முடையதில் பாதி.

21 கிராம் என்றால் பெரிதாகத் தோன்றாது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காற்றில் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிறது. நம்பாதவர்கள் ஏர்கோன் குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க ஓடினால் காலையில் நிற்கும் தண்ணீர் எல்லாம் அறைக் காற்றிலிருந்தும் இடுக்குகள் வழியே உள்ளே வந்த காற்றிலிருந்தும் பிழிந்து எடுத்ததுதான். ஏர்கோன் சுகமாக இருப்பதற்குக் குளிர் பாதிக் காரணம், இந்தப் பிழிதல் மறுபாதி.

அடுத்து மண்பானை. அத்தை பெட்டியில் துணி சுற்றி, உடையாமல் ஒரு சிறிய மண்பானையைக் கொண்டுவந்திருந்தார். ஐஸ் தண்ணீர் மாமாவுக்கு ஆகாது. பானையில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தார். மாலையில் மாமா ஒரு வாய் குடித்துவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை பானையைப் பார்த்தார். பானைமேல் குற்றமில்லை.

பானையின் சுவரில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வேர்வையின் அதே வேலை. ஆனால் அது எந்த அளவு வரை குளிரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் காற்றின் ஈரம் தீர்மானிக்கிறது. வானிலைக்காரர்கள் அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, விசிறியால் காற்றுப் படும்படி வைக்க வேண்டும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இறங்கி எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய காற்றில் ஈரமான எந்தப் பொருளும் குளிரக்கூடிய எல்லை. பானைக்கும் அதே எல்லை, வேர்த்த முதுகுக்கும் அதே எல்லை.

திருச்சியின் 41 டிகிரி, 20 விழுக்காட்டுக் காற்றில் அது சுமார் 23 டிகிரி. சுங்கை சிப்புட்டின் 33 டிகிரி, 60 விழுக்காட்டுக் காற்றில் சுமார் 27. அதாவது அதிகச் சூடான ஊரில்தான் பானைத் தண்ணீர் அதிகமாகக் குளிரும். எட்டு டிகிரி குறைந்த ஊருக்கு வந்ததாக நினைத்த மாமா, ஈரக்குமிழ் கணக்குப்படி நாலு டிகிரி கூடுதலான ஊருக்கு வந்திருந்தார். இதை அவரிடம் சொன்னபோது, "டிக்கெட் காச யாருகிட்டக் கேக்குறது?" என்றார்.

நானும் இதில் காசு விட்டவன்தான். சில வருடங்களுக்கு முன் டவுனில் ஒரு கடையில் ஏர்கூலர் ஒன்றை வாங்கி வந்தேன். தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டி போட்டு ஓட்டும் பெட்டி. ஏர்கோனைவிட மலிவு, மின்கட்டணமும் குறைவு என்று விற்பனையாளர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது பெரிய மண்பானையன்றி வேறில்லை. ஏற்கெனவே நனைந்த காற்றை இன்னும் நனைத்து அறைக்குள் தள்ளியது. மூடிய அறையில் ஒரு மணி நேரம் ஓடினால் மெத்தை விரிப்பு பிசுபிசுக்கும். ராஜஸ்தானுக்கும் திருச்சிக்கும் அது நல்ல கருவி. இந்த ஊருக்குச் சாதாரணக் காற்றாடியே மேல். காற்றாடி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் நனைந்த காற்றை விரட்டி, சற்றே உலர்ந்த காற்றைக் கொண்டுவருகிறது. நம் 33 டிகிரிக் காற்று தோலைவிடச் சூடானதல்ல என்பதால் இங்கே காற்றாடி எப்போதும் உதவும். 42 டிகிரி உலர்ந்த வெயிலில் காய்ந்த தோலின்மேல் அதே காற்றாடி அடுப்பு வாய்க் காற்றைத் தள்ளும். அங்கே ஈரத்துண்டு போர்த்திக்கொண்டு காற்றாடியின் கீழ் உட்கார்வார்கள். இங்கே ஈரத்துண்டு போர்த்தினால் கூடுதலாக ஒரு துண்டு நாறும், அவ்வளவே.

சரி, நம் நாட்டில் ஏன் 45 டிகிரி அடிப்பதில்லை? நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறோம்? சுங்கை சிப்புட்டுக்கு நேர் மேலே சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு முறை, செப்டம்பர் நடுவுக்குச் சற்று முன் ஒரு முறை. அந்த நாள்களில் நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது.

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நம்மை அவிக்கும் அதே ஈரம்தான் வெப்பமானியை ஏற விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மண் நனைந்திருக்கிறது, காடு நனைந்திருக்கிறது, இரண்டு பக்கமும் கடல். விழும் வெயிலில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் காற்றைச் சூடாக்குகிறது. அந்த ஆவி மேலே போய் மதியத்துக்குள் மேகமாகி வெயிலை மறைக்கிறது. பிறகு மூன்று நான்கு மணிக்கு இடியோடு இறங்குகிறது. காய்ந்த மண்ணில் இந்தச் செலவு கிடையாது. வரும் வெயில் எல்லாம் காற்றுக்கே போகும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9 அன்று, பெர்லிஸில் உள்ள சுப்பிங்கில். ஏன் அங்கே? வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டுகிறது. நடுவிலுள்ள மலைகளைத் தாண்டி வடமேற்கு மூலைக்கு வரும்போது அதனிடம் கொடுப்பதற்கு அதிகமில்லை. ஆக, கிளந்தானின் கோத்தா பாரு வெள்ளத்தில் மிதந்து முடிக்கும் பருவத்தில் பெர்லிஸும் கெடாவும் காய்கின்றன. மார்ச் ஏப்ரலில் சூரியன் தலைக்கு மேல் வரும்போது அங்கே மண் உலர்ந்து தயாராக இருக்கிறது. 1998 எல் நினோ ஆண்டு வேறு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி நம் பக்கம் மழை குறையும் ஆண்டு. அடுத்து 2016 எல் நினோவின்போதும் அதே ஏப்ரல், அதே மூலை. பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயிலுக்காகப் பள்ளிகளை மூடினார்கள்.

எங்கள் ஊரிலிருந்து தைப்பிங்குக்குக் காரில் போக ஒரு மணி நேரம் போதும். ஆனால் மழைக்கணக்கில் அது வேறு நாடு. கடற்கரைச் சமவெளிக்குப் பின்னால் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது புக்கிட் லாருட். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் முட்டி மேலே ஏறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிரும்போது பை சுருங்கித் தண்ணீரைக் கொட்டுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் கோப்பிக் கடையில் பந்தயம் கட்டுவார்களாம். வருமா வராதா என்று பந்தயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாலாபுறமும் மலை சூழ்ந்த நெகிரி செம்பிலானின் ஜெலுபு பள்ளத்தாக்கோ தைப்பிங்கில் பாதி மழைகூடப் பெறுவதில்லை. மலை ஓர் ஊருக்குக் கொடுப்பதை இன்னோர் ஊரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறது.

கேமரன் மலை எல்லாருக்கும் தெரிந்த கதை. சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். அங்குள்ள தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஈப்போவில் 33 என்றால் அங்கே 23, 24. சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோமே, சூடாகத்தானே இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் நான் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறேன். காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் தரை. சூடான காற்று மேலே போகப்போக விரிந்து, விரிவதாலேயே குளிர்கிறது. நாட்டிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பம், 7.8 டிகிரி, அங்கேதான், 1978இல்.

தமிழ்நாட்டிலும் இதே விளையாட்டு, திசை மட்டும் மாறி. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறி மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகும். அதனால் கேரளம் நனையும் ஜூன் மாதத்தில் திருச்சியில் உலர்ந்த மேல்காற்று. சென்னைக்கு மட்டும் கடற்காற்று ஒரு வரம். அது மதியத்துக்குள் வந்துவிட்டால் வெப்பமானி நின்றுவிடும், ஆனால் கசகசக்கத் தொடங்கும். அது வரத் தாமதமான நாள்தான் ஆபத்து. 2003 மே 31 அன்று மீனம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னைக்காரர்கள் நம் ஊருக்கு வந்தால் திருச்சிக்காரர்களைவிடக் குறைவாகப் புலம்புவதற்கு இதுதான் காரணம் என்பது என் அனுமானம்.

எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போக விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு மரங்களுக்கு நடுவே போய்விடுவார். வெயிலுக்குப் பயந்துதான் அவ்வளவு சீக்கிரம் போகிறார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பயந்தது மனிதர்கள் மட்டுமல்ல, மரமும்தான். மரத்துக்கும் ஒருவகை வேர்வை உண்டு. வெயில் ஏறி, காற்றில் இடம் கிடைத்ததும் இலைகள் தண்ணீரை ஆவியாக விடத் தொடங்கும். அந்த இழுப்பில் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால், மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்துக்குப் பால் வருவதும் குறையும். விடியற்காலையில் காற்று நிரம்பியிருக்கிறது, இலை தண்ணீர் விடுவதில்லை, பட்டை விம்மி நிற்கிறது, கத்தி பட்டதும் பால் ஓடுகிறது. அந்த 95 விழுக்காடுதான் தோட்டத்தின் கடிகாரத்தையே விடியற்காலைக்கு நகர்த்தியது.

இலை கொட்டும் மாதங்களைப் பற்றி அம்மா இன்னும் பேசுவார். பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். பாலும் குறையும், வருமானமும் குறையும். அதுவரை நிழலில் கிடந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் மேல் வெயில் நேராக இறங்கும். லயத்துக்குத் தகரக் கூரை. தகரம் சூடானால் காற்றை மட்டும் சூடாக்குவதில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றால் முகம் காந்துவதைப் போல, கீழே இருப்பவர் தலைமேல் நேராக வெப்பத்தைக் கொட்டும். மதியம் வீட்டுக்குள் இருக்க முடியாமல் எல்லாரும் வெளியே மரத்தடியில்தான் கிடப்பார்களாம். அத்தாப்புக் கூரை போட்ட பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு, ஓலை அவ்வளவு எளிதில் சூடாகாது. இப்போது நாங்கள் இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வேறு தொல்லை. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த சிமெண்டுச் சுவர் இரவு பத்து மணிவரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மாலையில் வெளியே குளிர்ந்த பிறகும் கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடிவிட்டு, உள்ளே வெந்துகொண்டிருப்போம். ஒரு நல்ல கொசுவலை அடித்த ஜன்னல் அரை ஏர்கோனுக்குச் சமம் என்பது என் கட்சி.

இப்போது சுற்றிலும் ரப்பரைவிடச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனைதான் அதிகம். நீண்ட கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து குலை தள்ளுபவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பால்மரம் வெட்டு காலை பத்து மணிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். குலை தள்ளும் வேலை வெயில் ஏறிய பிறகும் நடக்கும். மறுநடவு செய்த இளம் செம்பனைக் காட்டில் நிழலே கிடையாது. வெயிலை ஒழுங்காக அளந்து பார்க்க வேண்டியது இவர்களுக்காகத்தான்.

1950களில் அமெரிக்கப் படையில் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது, வெறும் டிகிரி போதாது என்று ஒரு கலவைக் கணக்கை உருவாக்கினார்கள். அதில் ஈரக்குமிழ் அளவுக்குப் பத்தில் ஏழு பங்கு. வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் வெப்பத்துக்கு இரண்டு பங்கு. சாதாரணக் காற்று வெப்பத்துக்கு ஒரே பங்கு. நாம் தினமும் கைப்பேசியில் பார்த்துப் பேசிக்கொள்ளும் எண்ணுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு பத்தில் ஒன்று! ஈரக்குமிழ் அளவே 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளின் உடம்பும் சூட்டை வெளித்தள்ள முடியாது என்பது இயற்பியல் சொல்லும் எல்லை. வெயிலில் வேலை செய்பவருக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து வந்துவிடும்.

நம் வானிலை ஆய்வுத் துறையின் வெயில் எச்சரிக்கை அதிகபட்ச வெப்பநிலையை வைத்து மூன்று கட்டங்களாக வருகிறது. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி என்றால் முதல் கட்டம். 37 முதல் 40 வரை என்றால் இரண்டாவது, வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் மூன்றாவது. இந்தியாவில் சமவெளி ஊர்களுக்கு 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிப் பேசவே தொடங்குவார்கள். கடலோர ஊர்களுக்கு மட்டும் 37. இதை வைத்து, "37க்கே பள்ளிக்கூடத்தை மூடுறாங்களா?" என்று அங்கிருந்து சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் கடலோரத்துக்கு ஏன் தனி எண் வைத்தார்கள் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும்.

உடம்பு பழகிக்கொள்ளும் என்பது உண்மை. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வேர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும். புதிதாக வந்த தொழிலாளியை முதல் நாளே முழுநேரம் வெயிலில் விடக் கூடாது என்பது அதனால்தான். ஆனால் வேர்வை எவ்வளவு சுரந்தாலும் அதைக் காயவைப்பது காற்றின் கையில். அந்த இடத்தில் பழக்கம் உதவாது. "நாங்க பொறந்ததிலிருந்தே இந்த வெயில்லதான்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி முடிப்பது சிரமம். வயதானால் தாகம் மந்தமாகும், வேர்வையும் குறையும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

நிறைய வேர்த்தவருக்குத் தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் வேண்டும். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்த காலத்தில் யாரும் இதைச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தலைசுற்றல், வாந்தி, கை கால் பிடிப்பு என்றால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஒருவர் வெயிலில் குழப்பமாகப் பேசத் தொடங்கினால், நடை தள்ளாடினால், நினைவு தப்பினால் அது களைப்பல்ல, வெப்ப அதிர்ச்சி. உடம்பின் உள்வெப்பம் 40ஐத் தாண்டியிருக்கும். 999ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, அட்டையோ துண்டோ எது கிடைக்கிறதோ அதை வைத்து விடாமல் விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னும் ஒரு கணக்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் இருக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். உலகம் சூடாகச் சூடாக, வறுக்கும் ஊர்கள் இன்னும் வறுக்கும் என்பதைச் செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். அவிக்கும் ஊர்களுக்கு அந்த 7 விழுக்காடு என்ன செய்யும் என்பது தலைப்புச் செய்தியாவது குறைவு. ஒன்றிரண்டு டிகிரி ஏற்றம் எண்ணாகப் பார்த்தால் சின்னது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் அது சின்னதல்ல.

மாமாவுக்கு இரண்டாம் வாரம் கொஞ்சம் தேவலை. மதியத்தில் குளித்துவிட்டு, சட்டையில்லாமல் காற்றாடிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் படுக்கக் கற்றுக்கொண்டார். வேர்க்குரு மட்டும் கடைசிவரை போகவில்லை. பானையை அத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதில் இப்போது கறிவேப்பிலைக் கன்று ஒன்று நிற்கிறது. அக்டோபரில் அங்கே பருவமழை தொடங்கிய சமயம் போன் பண்ணினார்கள். வெப்பம் எவ்வளவு என்று கேட்டேன். 32தான் என்றார் மாமா. பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "ரெண்டு நாளா வேட்டி காயலடா."